கறுக்காத துண்டு

செப்டம்பர் 14, 2009, திங்கள்

காலையில் மூடுபனி. பிறகு நல்ல வெயில். ஆற்றோரத் தோட்டங்களில் பறிப்பு தொடங்கிவிட்டது. லாரிகள் போய் வந்துகொண்டே இருக்கின்றன.

வீட்டுக்குப் பின்னால் உள்ள மரத்தில் நானும் கொஞ்சம் பறித்தேன். ஏணியில் உயரமாக ஏறமாட்டேன் என்று மகள் சிக்ரித்துக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் கைக்கு எட்டியவை மட்டும். தெற்குக் கிளை இந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்திருக்கிறது. ஒரே மரத்தில் ஐந்தாறு ரகங்களை ஒட்டுக் கட்டி வைப்பது இந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் உண்டு. என் மனைவி மார்கிட் இருந்தவரை ஒவ்வொரு கிளையிலும் தகரச் சீட்டு கட்டி ரகத்தின் பெயரைக் கீறி வைப்பாள். இந்தக் கிளையில் மட்டும் சீட்டு இல்லை. காற்றில் விழுந்திருக்கலாம்.

அதில் ஒரு பழத்தை நான்காக வெட்டினேன். இரண்டு துண்டு தின்றதும் பல் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி. மீதியைச் சமையலறை ஜன்னலடியில் அப்படியே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 15

தட்டில் உள்ள துண்டுகள் இன்னும் வெள்ளையாகவே இருக்கின்றன.

செப்டம்பர் 17, வியாழன்

என் கண்ணை நான் நம்புவதில்லை. அதனால் சோதித்துப் பார்த்தேன். தெற்குக் கிளைப் பழம் ஒன்று, வடக்குக் கிளைப் பழம் ஒன்று. ஒரே கத்தி, ஒரே தட்டு. நான் நாளிதழைப் படித்து முடிப்பதற்குள் வடக்குக் கிளைத் துண்டு கறுத்துவிட்டது. மற்றது இந்த நொடி வெட்டியது போல இருந்தது.

மாலையிலும் அப்படியே. ஓரம் சற்று வாடியிருக்கிறது, தோல் சுருங்குகிறது, ஆனால் நிறம் மாறவில்லை. மூன்று நாளான பழைய துண்டுகளும் அதே கதைதான். காய்ந்து தோல் போல ஆகிவிட்டன, ஆனால் வெள்ளை. ஒரு பொருள் செத்துக்கொண்டிருக்கிறது, அது முகத்தில் தெரியவில்லை – இதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்து போய் முன்னறையில் உட்கார்ந்தேன்.

இப்படி ஒரு ஆப்பிள் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. மேட்டுச் சாலையில், இரட்டை வேலிக்குள், சோதனைத் தோட்டத்தில். வெட்டினால் பழத்தைக் கறுக்கச் செய்யும் மரபணுவை அடக்கி அந்த மரங்களை உண்டாக்கியிருந்தார்கள். மார்கிட் அங்கே ஒட்டுக் கட்டும் வேலை பார்த்தாள். பின்பு சோதனையை முடித்துக்கொண்டார்கள். விதிப்படி எல்லா மரங்களையும் வேரோடு பிடுங்கி எரித்தார்கள். அன்று அவள் புகை நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறது. கோட்டைக் கழற்றவே இல்லை. நேராக நிலவறைக்குள் போனாள்.

நிலவறையில்தான் ஒட்டுக்குச்சிகளை ஈர மணலில் வைப்போம்.

இல்லை. அவள் அப்படிச் செய்யக்கூடியவள் இல்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

செய்திருக்கிறாள். ஏன் என்றும் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம்.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். மாலையில் ஓர் ஆப்பிளை வெட்டி, பாதியைத் தின்றுவிட்டு, மீதியை எனக்காக ஜன்னலடியில் வைப்பாள். நான் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. மாவட்டப் பூச்சி நோய்த் தடுப்பு அலுவலகத்தில் ஆய்வாளர் வேலை. ஒரு தோட்டத்தை இரண்டு முறை சுற்றாமல் கிளம்பமாட்டேன். வந்து பார்த்தால் என் பங்கு கறுத்திருக்கும். எனக்குக் கறுத்த பழம் பிடிக்காது. தின்னமாட்டேன். கோழிகளுக்குப் போடுவேன்.

அவள் சிரிப்பாள். "மெதுவா வா ஐனார். பழம் உனக்காகக் காத்துட்டே இருக்குமா?"

போன இலையுதிர் காலத்தில், உடம்பு முடியாமல் இருந்தபோது, அந்த ஜன்னல் வழியாக மரத்தைக் காட்டிச் சொன்னாள்: "அடுத்த வருஷம் உனக்குன்னு ஒரு கிளை காய்க்கும். அப்புறம் நீ எவ்வளவு லேட்டா வேணா வா."

மருந்தின் மயக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். சரி சரி என்று போர்வையை இழுத்து விட்டேன். என்ன கிளை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா நான்?

செப்டம்பர் 28

சிக்ரித் தொலைபேசியில்: "அப்பா, யாரோட பேசிட்டிருக்கீங்க? வீட்டுல யாரு?"

யாரும் இல்லை என்றேன். ஜன்னலடியில் தட்டு இருந்தது. அதில் அரை ஆப்பிள், வெள்ளையாக, யாரோ பாதி தின்றுவிட்டு இப்போதுதான் எழுந்து போனது போல. வெட்டியது நான்தான். முந்தாநாள் வெட்டினேன். ஆனால் காலையில் சமையலறைக்குள் வந்து அதைப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் அவள் பின்வாசலில் நிற்கிறாள் என்றே முதலில் தோன்றுகிறது. வாசலைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் காபி போடுகிறேன்.

மருத்துவமனையில் கடைசி நாள் அவள் முகம் கொஞ்சமும் மாறவில்லை. நர்ஸ் வந்து சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 9, வெள்ளி

சோதனைத் தோட்டத்துக்காரர்களின் எண்ணைத் தேடி எடுத்தேன். ஒருமுறை சுழற்றினேன். அங்கே ஒரு பெண் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன்.

வேலையில் இருந்தபோது அழிக்க வேண்டிய மரத்தில் ஆரஞ்சு நாடா கட்டுவது என் பொறுப்பு. கிழவர்கள் அழுதிருக்கிறார்கள். என் சட்டையைப் பிடித்த ஆளும் உண்டு. "விதி ஐயா, முழு மரமும்தான்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கட்டுவேன். கோழை என்றாலும் கட்டாமல் வந்ததில்லை. நாடாச் சுருள் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இப்போது மட்டும் ஏன் கை வரவில்லை? ஒரு கிளைதானே? யாருக்கு என்ன கெடுதல்? தின்றால் எதுவும் ஆகாது, அது எனக்குத் தெரியும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் டெல்ஃபினாவின் தோட்டம். மருந்தோ உரமோ போடாமல், இயற்கை விவசாயச் சான்று வாங்கி, அதன் பலத்தில்தான் அவள் பழம் விலை போகிறது. மரபணு மாற்றிய மரம் எதுவும் அவள் மண்ணில் இருக்கக்கூடாது. வசந்தத்தில் தேனீக்கள் வேலி பார்த்தா போகும்?

கிளை இந்தப் பக்கம்தான் இருக்கிறது. மகரந்தத்தால் அவள் பழத்தின் சதை மாறாது. மாறினால் உள்ளே இருக்கும் விதை மட்டும்தான்.

நான் எனக்கே வாதாடுகிறேன்.

அக்டோபர் 18

தெற்குக் கிளையில் மிச்சத்தையும் பறித்து நிலவறையில் வைத்தேன். உச்சியில் ஒன்று எட்டவில்லை. விட்டுவிட்டேன்.

நவம்பர் 2, திங்கள்

இன்று டெல்ஃபினா வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல். அவளுடைய அப்பா மெக்சிகோவிலிருந்து பழம் பறிக்க வந்தவர். தோட்டம் வாங்கியது அவள். வருடா வருடம் படையல் மேசையைப் பார்க்க என்னையும் மார்கிட்டையும் கூப்பிடுவாள்.

காலையிலேயே வேலியோரம் அவள் குரல். "இன்ஸ்பெக்டர்! இன்னிக்கு யார் மரத்துக்குச் சாவு ஓலை?"

இருபது வருடமாக இதே கேள்விதான். நானும் வழக்கம்போலச் சிரித்தேன்.

"இந்தத் தடவை மார்கிட் படமும் வைக்கிறேன். அவ மரத்துப் பழம் ஒண்ணு குடுங்க. கடைப்பழம் வெச்சா கோச்சுக்குவா."

வடக்குக் கிளைப் பழம் ஒன்று கொடுக்கலாம் என்று கூடையைத் தேடினேன். அதற்குள் அவள் நீளக் கொக்கியோடு உள்ளே வந்து, உச்சியில் தொங்கிய அந்த ஒன்றைப் பார்த்து, "அட, எனக்காகவே விட்டு வெச்சிருக்கா" என்று இழுத்துவிட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

மாலையில் போனேன். செவ்வந்திப் பூ, மெழுகுவர்த்தி, ரொட்டி, அவள் அப்பாவின் தொப்பி. நடுவில் மார்கிட், ஒட்டுக் கத்தியோடு சிரிக்கும் படம். அதற்கு முன் அந்த ஆப்பிள், இரண்டாக வெட்டி வைத்திருந்தது. சோள மாவை இலையில் சுற்றி அவித்த டமாலே கொடுத்தார்கள். தட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 5, வியாழன்

டெல்ஃபினா வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"பாருங்க. நல்லா பாருங்க. மெழுகுவர்த்தி உருகிப் போச்சு, பூ வாடிப் போச்சு. பழம் மட்டும் கறுக்கவே இல்ல."

அவள் வீட்டுக்காரர் ஹசிந்தோ அறை மூலையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதையும் கேலி செய்கிறவர். இன்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"மார்கிட் வந்திருக்கா, இன்ஸ்பெக்டர். எங்க அப்பாவுக்கு எத்தனை வருஷம் வெச்சேன், ஒண்ணும் நடக்கல. இவ வந்துட்டா. நீங்க தனியா இருக்கீங்கன்னுதான் வந்திருக்கா." அவள் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

நான் படத்தைப் பார்த்தபடி நின்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். அழுதேன்தான். வேறு காரணத்துக்காக.

கிளம்பும்போது சொன்னாள்: "நீங்க மார்ச்சில குடுத்தீங்களே குச்சி, அதை எங்க இளமரத்துல அஞ்சுல கட்டினேன். அஞ்சும் பிடிச்சிடுச்சு. அதே கிளைதானே? வர்ற பிப்ரவரியில இன்னும் வெட்டிக் குடுங்க. வேலியோர வரிசை முழுக்கக் கட்டிடறேன். மார்கிட் ஆப்பிள்னே பேர் வெச்சிடலாம்."

நவம்பர் 6

கடவுளே. மறந்தே போனேன். எப்படி மறந்தேன்?

அடக்கம் முடிந்த மறு மாதம். வேலியோரம் வந்து நின்று, "மார்கிட் கைபட்ட மரத்துலேர்ந்து ரெண்டு குச்சி குடுங்க, ஞாபகத்துக்கு" என்றாள். இங்கே அதுதான் வழக்கம், செத்தவர் தோட்டத்தில் குச்சி வெட்டி வாங்கிக்கொள்வார்கள். நான் போய் எங்கே நல்ல குச்சி இருக்கிறது என்று பார்த்து, நேராக வளர்ந்த இளங்குச்சியாகத் தேடி, தெற்குக் கிளையில் – சீட்டு இல்லையே என்று ஒரு நொடி யோசித்தேன், யோசித்தேனே! – ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

மார்கிட், என்னடி செய்து வைத்திருக்கிறாய்? இல்லை. உன்னைச் சொல்லி என்ன, கொடுத்தது என் கை. இப்ப போய் என்னன்னு சொல்றது? உன் படையல்ல இருந்தது அற்புதம் இல்லம்மா, திருட்டுன்னா?

அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ அந்த ஐந்தும் பூக்கும். அவள் தோட்டத்துக்குள்ளே. அவள் கட்டிய ஒட்டு.

நவம்பர் 8

வேலி வரை போய்த் திரும்பினேன்.

நவம்பர் 11

மறுபடி. ஹசிந்தோ டிராக்டரிலிருந்து கையசைத்தார். நானும் கையசைத்தேன். "குளிர் ஜாஸ்தியாயிடுச்சு" என்றேன். "ஆமா" என்றார். திரும்பிவிட்டேன்.

நவம்பர் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நிலவறையிலிருந்து ஒரு பழம், வடக்குக் கிளைப் பழம் ஒன்று, கத்தி. பேச்சு வராது என்று தெரியும். அதனால் இவற்றை எடுத்துப் போனேன். டெல்ஃபினாவின் சமையலறை மேசையில் இரண்டையும் வெட்டி வைத்தேன். "கொஞ்ச நேரம் உட்காரு" என்றேன்.

"என்ன இது, மந்திரமா?" என்று சிரித்தாள். ஹசிந்தோ காபி ஊற்றினார். ஒன்று கறுத்தது, ஒன்று கறுக்கவில்லை. அவள் சிரிப்பு மெதுவாக நின்றது. மேட்டுச் சாலைத் தோட்டம் என்றேன். அவளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

வெள்ளைத் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஆய்வகத்துல பண்ணினது."

"ஆமாம்."

"அஞ்சு மரத்துல நான் என் கையால கட்டியிருக்கேன்."

"ஆமாம். இன்னும் பூக்கவில்லை. இப்போதே எடுத்துவிட்டால்…"

"பூக்கறதைப் பத்தி நான் கேக்கல!" கை மேசையில் அறைந்தது. துண்டுகள் குதித்தன. "எப்போ தெரியும் உங்களுக்கு?"

செப்டம்பர் என்றேன்.

"அப்போ அன்னிக்கு அந்தப் பழத்தை நான் பறிக்கும்போது தெரியும். படையல் முன்னாடி நான் அழுதேனே, அப்பவும் தெரியும். பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தீங்க. மார்கிட் வந்திருக்கான்னு நான் ஊர் முழுக்கச் சொன்னேன் ஐயா!"

இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடவில்லை. ஐயா என்றாள். இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"சான்று குடுக்கறவங்களுக்கு நான் சொல்லியாகணும். மறைச்சேன்னு தெரிஞ்சா மொத்தமும் போயிடும். சொன்னா எவ்வளவு போகும்னு தெரியல. நீங்க போங்க."

எழுந்தேன். வாசலில் நிற்கும்போது அவள், என்னிடம் இல்லாமல், ஹசிந்தோவிடம் சொன்னாள்: "இந்த மனுஷனுக்காகப் போய் திருடியிருக்கா பாரு, அந்தப் பைத்தியக்காரி." ஜன்னலடிப் பழத்தைப் பற்றி மார்கிட் இவளிடம் சொல்லியிருக்கிறாள் போல.

நவம்பர் 17

சோதனைத் தோட்டத்துக்குத் தொலைபேசி செய்தேன். இந்த முறை வைக்கவில்லை. பெயர், முகவரி, என்ன, எங்கே, எப்படி வந்தது – எல்லாம் வரிசையாகச் சொன்னேன். யார் கொண்டுவந்தது என்று கேட்டார்கள். என் மனைவி என்றேன். அவர் பெயர் என்று கேட்டார்கள். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

பிறகு இழுப்பறையிலிருந்து நாடாவை எடுத்துப் போய் மரத்தில் கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் டெல்ஃபினா நின்று பார்த்தாள்.

நவம்பர் 24, செவ்வாய்

இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளை அங்கி, கையுறை. சின்ன வயது. தெற்குக் கிளை மட்டும் போதாதா என்று கேட்டேன். மரம் எங்கள் கல்யாண வருடம் நட்டது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

அவர்களில் ஒருவன் தரையைப் பார்த்தான். "விதி ஐயா. முழு மரமும்தான்."

சரி என்றேன்.

அடியோடு அறுத்தார்கள். அடிக்கட்டையில் மருந்து பூசினார்கள். நிலவறைப் பழங்களை உறையில் போட்டு முத்திரை வைத்தார்கள். "எல்லாம் இவ்வளவுதானா?" என்றான். இவ்வளவுதான் என்றேன்.

வண்டி தெருமுனைக்குப் போகும் முன் ஓடினேன். நான் ஓடி எத்தனை காலம்! கையை ஆட்டி நிறுத்தினேன். "இன்னும் ஒன்று இருக்கிறது" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், மார்கிட்டின் கோட்டுப் பையில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து வந்து கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு உறையில் போட்டான்.

கோட்டில் இன்னும் லேசாகப் புகை வாசனை.

டிசம்பர் 6

டெல்ஃபினா ஐந்து மரத்தையும் அவளே பிடுங்கி எரித்தாள். சோதனைத் தோட்டத்துக்காரர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். புகை எங்கள் சமையலறைக்குள் வந்தது. ஜன்னலை மூடவில்லை.

வேலியோர இரண்டு வரிசையின் பழத்தை வரும் வருடம் இயற்கைப் பழம் என்று விற்கக்கூடாது, மற்றதற்குச் சான்று தொடரும் என்று முடிவானதாம். ஹசிந்தோ தபால் பெட்டியருகே சொன்னார். நல்லவேளை என்று வாய்வரை வந்தது. இரண்டு வரிசை என்றால் எவ்வளவு பழம் என்று எனக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினேன்.

பிப்ரவரி 11, 2010

அவள் போய் ஒரு வருடம். சிக்ரித் வந்திருந்தாள். அம்மா செய்ததை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவா?" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து சிரித்தாள். நானும்.

பின்வாசலைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

மே 3

பள்ளத்தாக்கு முழுக்கப் பூ. என் ஜன்னலில் மட்டும் வானம் அதிகமாகத் தெரிகிறது. ஒரு தேனீ அடிக்கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று. டெல்ஃபினா அங்கே இருந்தாள். இரண்டு பேரும் அந்தத் தேனீயையே பார்த்தோம். பிறகு அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 26

காலையில் படியில் ஒரு பை ஆப்பிள். சீட்டு எதுவும் இல்லை. வேலியோர வரிசைப் பழம். ரகம் பார்த்தால் தெரிகிறது.

நவம்பர் 2, 2010, செவ்வாய்

மத்தியானம் வேலியோரம் குரல் கேட்டது.

"இன்ஸ்பெக்டர்! செத்துட்டீங்களா, இருக்கீங்களா? உங்க படத்தையும் சேர்த்து வெச்சிடவா?"

வருகிறேன் என்றேன். சட்டை மாற்றி, காலணி துடைத்து, கதவைப் பூட்டி, பூட்டியது சரியா என்று பார்த்து, போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மேசையில் அதே படம். ஒட்டுக் கத்தியோடு. அதற்கு முன் அவள் தோட்டத்து ஆப்பிள், பாதியாக வெட்டியது. நன்றாகக் கறுத்திருந்தது.

"இப்போதான் வர்றதா?" என்றாள் டெல்ஃபினா. "அவ வந்து, சாப்பிட்டு, போயும் போயிட்டா. இது உங்க பங்கு."

அந்தப் பாதியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஹசிந்தோவுக்கு அந்தப் பாதிப் பழக் கதை தெரியாது. "ஐயய்ய, வேற நல்ல பழம் குடு" என்று எழுந்தார்.

இதுவே போதும் என்றேன். நின்றபடியே தின்றேன். மாவு போல இருந்தது. கொஞ்சம் இனிப்பு.

விதையை, எங்கும் முளைத்துவிடக் கூடாதென்று, காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போட்டேன். கோழிக் கூண்டைப் பார்த்தேன், இந்த முறை அவற்றுக்குப் பங்கு இல்லை. கதவைச் சாத்தினேன்.